வேன் ஏன் வியர்க்கிறது: சரக்கு வேனை முகாம் வேனாக்கும் வேலை

கனடாவின் ஒன்டாரியோவில் ஜனவரி மாத இரவு. உள்வேலை எதுவும் செய்யாத வெறும் சரக்கு வேனில் இரண்டு பேர் படுத்தால், விடியும்போது கூரைத் தகரத்தின் உட்புறம் வெள்ளையாக உறைந்திருக்கும். ஹீட்டரைப் போட்டதும் அது உருகிப் படுக்கையில் சொட்டும். மழையும் பெய்யவில்லை, கூரையிலும் ஓட்டை இல்லை. அத்தனையும் மூச்சில் வந்த நீர்.

தூங்கும் ஒருவர் மூச்சிலும் தோலிலுமாக மணிக்குச் சுமார் 40 கிராம் நீரை வெளியே விடுகிறார். இரண்டு பேருக்கு எட்டு மணி நேரத்தில் 640 கிராம். நடுத்தர அளவு வேனின் சரக்கு அறையில் சுமார் 12 கன மீட்டர் காற்று இருக்கும். 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 17 கிராம் நீராவியைத்தான் தாங்கும். ஆக, வேனின் மொத்தக் காற்றும் தாங்குவது 200 கிராம். மிச்சம் 440 கிராம் எங்கேயாவது போய் உட்கார வேண்டும். எங்கே குளிர்ந்த உலோகம் இருக்கிறதோ அங்கே உட்காரும். மாலையில் உள்ளே சோறு வடித்திருந்தால் கணக்கு இன்னும் ஏறும்.

அதனால் வேனுக்கு வெப்பக்காப்பு செய்வது பாதிக்கு மேல் நீரைச் சமாளிக்கும் வேலைதான். ஆர் மதிப்பு (வெப்பம் கடப்பதை ஒரு பொருள் எவ்வளவு தடுக்கிறது என்ற அளவு) எத்தனை என்று மணிக்கணக்காக வாதாடுபவர்கள் பலர், அந்த நீர் எந்த வழியாக வெளியே போகும் என்பதை யோசிப்பதில்லை. மூன்று வருடம் கழித்து அடிப்பக்கத்தில் துரு கிளம்பும்போதுதான் யோசிக்கிறார்கள்.

இங்கே எடுத்துக்கொள்ளும் வண்டி, 136 அங்குல வீல்பேஸும் (முன், பின் சக்கர அச்சுகளுக்கு இடையிலான தூரம்) உயரக் கூரையும் உள்ள ராம் ப்ரோமாஸ்டர். ஐரோப்பாவின் ஃபியட் டுகாட்டோதான் வட அமெரிக்காவில் இந்தப் பெயரில் ஓடுகிறது. முன்சக்கர இழுவை என்பதால் தரை தாழ்வாக இருக்கும், ஆறடி ஆள் உள்ளே நிமிர்ந்து நிற்கலாம். அகலம் 1.9 மீட்டரை ஒட்டி வருவதால் குறுக்காகவே படுக்கை போட முடியும். ஃபோர்டு டிரான்சிட்டோ ஸ்ப்ரின்டரோ வைத்திருந்தாலும் முறை ஒன்றுதான், அளவுகள் மட்டும் மாறும்.

எவ்வளவு தடிமன் போதும்?

இந்த வேனின் சரக்கு அறைக்கு ஆறு பக்கமும் சேர்த்துச் சுமார் 31 சதுர மீட்டர் பரப்பு. வெளியே மைனஸ் 10, உள்ளே 20 என்றால் வித்தியாசம் 30 டிகிரி. வெறும் தகரமாக இருந்தால் 5,000 வாட் அளவுக்கு வெப்பம் ஓடும். 40 மி.மீ. நல்ல இன்சுலேஷன் போட்டால் அது ஏட்டில் 1,000 வாட்டாக இறங்கும். தகரத்தைத் தாங்கும் எஃகுச் சட்டங்கள், கண்ணாடிகள் வழியாகப் போவதையும் சேர்த்தால் நடைமுறையில் 1,500. சரி, தடிமனை 80 மி.மீ. ஆக்கினால்? ஏட்டில் 500 வாட் குறையும். சட்டங்கள் வழியாகவும் கண்ணாடி வழியாகவும் போகிற 500 அப்படியே போய்க்கொண்டிருக்கும். குறைந்த அந்த 500 வாட்டுக்கு விலையாக இரு சுவரிலும் சேர்த்து 8 செ.மீ. அகலம் போய்விடும். 178 செ.மீ. உயரமுள்ளவர் குறுக்காகப் படுக்க முடியாமல் போவது அந்த 8 செ.மீட்டரில்தான். 2 கிலோவாட் ஹீட்டர் ஒன்று 1,500 வாட்டைச் சுலபமாகச் சமாளிக்கும். ஆகவே சட்டங்களின் ஆழம் எவ்வளவோ அவ்வளவு போதும். அதைத் தாண்டி உள்பக்கம் கட்டிக்கொண்டு வருவது வீண்.

பொருள் தேர்வில் எங்கள் சாய்வு வெளிப்படையாக தின்சுலேட் என்ற செயற்கை இழை விரிப்பின் பக்கம். எஸ்எம்600எல் என்ற ரகம் சுமார் 42 மி.மீ. தடிமன், ஆர் மதிப்பு 5.2. இழைகள் நீரை உறிஞ்சுவதில்லை. ஈரம் பட்டாலும் காற்றோட்டம் இருந்தால் காய்ந்துவிடும். கத்தரிக்கோலால் வெட்டலாம், வளைந்த இடத்தில் வளையும், கையில் அரிக்காது. அகலம் 60 அங்குலம். சுவர், கூரை, கதவுகள் என்று 22 சதுர மீட்டர் மூட ஏறக்குறைய 15 மீட்டர் நீளம் வாங்க வேண்டும். விலைதான் கடிக்கும்.

பாலிஐசோ என்ற விறைப்பான ஃபோம் பலகை அங்குலத்துக்கு ஆர் 6 தருகிறது, தடிமனுக்குக் கிடைக்கும் பலன் அதிகம். ஆனால் கடுங்குளிரில் அதன் திறன் குறைகிறது. வளைந்த தகரத்தில் தட்டையான பலகையை ஒட்டும்போது பின்னால் இடைவெளி விழும், ஈரக்காற்று அங்கே நுழைந்து நீராகும். தகரத்தில் உரசி வழியெல்லாம் கிரீச் கிரீச் என்று சத்தமும் போடும். எக்ஸ்பிஎஸ் (பாலிஸ்டைரீன் ஃபோம்) பலகை தரைக்கு நல்லது, சுவருக்குப் பாலிஐசோவின் அதே தொல்லைகள். ஆட்டுக்கம்பளி இன்சுலேஷனும் மோசமில்லை, ஈரத்தை வாங்கி மெல்ல விடும். ஆனால் அது காய வேண்டுமே! நாலு நாள் தொடர்ந்து பனியில் நின்றால் வாங்கிக்கொண்டே இருக்கும். வீட்டுச் சுவருக்குப் போடும் கண்ணாடி இழையை வேனில் போடாதீர்கள். ஓட்டத்தின் அதிர்வில் சரிந்து கீழே குவியும், நனைந்தால் சீக்கிரம் காயாது.

தெளிப்பு ஃபோம் தகரத்தோடு முழுக்க ஒட்டிக்கொள்வதால், நீராவி புகப் பின்னால் இடமே இருக்காது. கொள்கையளவில் இதுதான் மிகச் சரி. நடைமுறையில் ஒரே தடவையில் தடிமனாக அடித்தால் வேதிவினையின் சூட்டில் தகரம் நெளியும், ஆறும்போது சுருங்கி உள்ளே இழுக்கும். வெளியே நின்று வெயிலில் சாய்வாகப் பார்த்தால் பக்கத் தகரம் அலை அலையாகத் தெரியும். அதை நிமிர்த்த வழியில்லை. விபத்தில் தகடு மாற்ற வேண்டி வந்தாலும் பட்டறைக்காரர் கையை விரிப்பார். கடையில் கிடைக்கும் சிறு கேன் ஃபோமைச் சட்டங்களின் உட்குழிக்குள் அடிப்பது அதைவிட ஆபத்து. அந்த ஃபோம் இறுகக் காற்றின் ஈரம் வேண்டும். மூடிய குழிக்குள் நடுப்பகுதி பச்சையாகவே தங்கிவிடும், அடியில் உள்ள வடிகால் துளையும் அடைபடும்.

பளபளக்கும் குமிழித்தாளைத் தகரத்தில் நேரடியாக ஒட்டுவது பரவலான பழக்கம். பளபளப்பு வேலை செய்ய அதன் முன்னால் காற்று இடைவெளி வேண்டும். ஒட்டிவிட்டால் அது ஆர் 1 தரும் பிளாஸ்டிக் தாள், அவ்வளவுதான். ஜன்னல் மறைப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

ஓட்டை போடுகிற வேலை எல்லாம் முதலில்

வேனைக் காலிசெய்து கழுவியதும் செய்ய வேண்டியது நீர்ச்சோதனை. ஒருவர் உள்ளே டார்ச்சுடன் உட்கார, இன்னொருவர் குழாயால் கூரைத் தையல், மூன்றாவது பிரேக் விளக்கு, கூரைத் தாங்கிக்கான அடைப்பான்கள், பின்கதவு ரப்பர் என்று ஒவ்வொரு இடமாகப் பத்து நிமிடம் நீர் விட வேண்டும். பிரேக் விளக்கின் பின்னால் உள்ள மெல்லிய ரப்பர் பழைய வேன்களில் அடிக்கடி ஒழுகும். இன்சுலேஷன் போட்ட பிறகு வரும் ஒழுகலை மூச்சின் நீரிலிருந்து பிரித்தறிய முடியாது.

குளிர்காலத்தில் சாலையில் உப்பு தூவும் ஊர் என்பதால் துருவைச் சுரண்டி, துத்தநாக பிரைமர் அடித்து, மேலே பெயின்ட் பூசிய பிறகே அடுத்த வேலை. புதிதாகப் போடும் ஒவ்வொரு துளைக்கும் இதே விதி. துளையின் விளிம்பை அராவி மழுங்கச் செய்து, பிரைமர் தொட்டு வையுங்கள்.

கூரை விசிறிக்கு 14 அங்குலம் சதுரத்தில் ஒரு திறப்பு. மேக்ஸ்ஃபேன் போன்றவற்றுக்கெல்லாம் இதுதான் அளவு. மேலே அளவு குறித்து, பெயின்ட் கீறாமல் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டி, நான்கு மூலையிலும் துளை போட்டு, அங்குலத்துக்கு 24 பல் உள்ள உலோக பிளேடைக் கொண்டு ஜிக்சாவால் வெட்ட வேண்டும். கடைசிப் பக்கத்தை வெட்டும் முன் தகட்டை டேப்பால் கட்டி நிறுத்தாவிட்டால் அது தொங்கி பிளேடைக் கடிக்கும். இதில் எல்லோரும் கவனம் தவறும் இடம் இரும்புத்தூள். கூரையின் பள்ளங்களில் தங்கிய ஒவ்வொரு துகளும் அடுத்த மழையில் ஒரு துருப்புள்ளி. கூரையைத் துடைக்காமல் வேக்குவத்தால் உறிஞ்சி எடுத்து, பிறகு காந்தத்தைத் துணியில் சுற்றி ஓட்டுங்கள். துடைத்தால் பெயின்டில் கீறல் விழும். ப்ரோமாஸ்டர் கூரையில் நீளவாக்கில் மேடுபள்ளங்கள் உண்டு. அதற்கென்று விற்கும் அடாப்டரை இடையில் வைத்தால்தான் விசிறியின் சட்டம் சமமாக உட்காரும். கீழே பியூட்டில் டேப் (பிசுபிசுப்பான ரப்பர் நாடா), மேலே துருப்பிடிக்காத ஸ்க்ரூ, ஸ்க்ரூத் தலைகள் மேல் டைகார் போன்ற தானே பரவும் சீலன்ட். சிலிக்கான் வேண்டாம். அதன்மேல் பிறகு எதுவும் ஒட்டாது, பெயின்ட்கூட.

ஜன்னல், ஹீட்டர் துளைகளும் இதே கட்டத்தில் முடிய வேண்டும். அடுத்து ரிவ்நட், அதாவது தகரத் துளையில் இறுகிப் பிடித்து போல்ட்டை ஏற்கும் நட். சட்டங்களில் ஸ்க்ரூ அடித்துப் பலகை மாட்டினால் அதிர்வில் தளரும். அதோடு, உள்ளே நீளும் ஸ்க்ரூ முனை ஒவ்வொன்றும் குளிர்ந்து ஒரு சொட்டுக்காகக் காத்திருக்கும். எம்6 ரிவ்நட்டுக்கு 9 மி.மீ. துளை. படிப்படியாகப் பெரிதாக்கும் ஸ்டெப் பிட் இருந்தால் துளை வட்டமாக விழும். துளை சற்றே பெரிதானாலும் ரிவ்நட் போல்ட்டோடு சேர்ந்து சுழலும், கழற்றவும் முடியாது, இறுக்கவும் முடியாது. ட்ரில் பிட்டில் டேப் சுற்றி ஆழத்தைக் கட்டுப்படுத்துங்கள். சட்டத்துக்குப் பின்னால் சில அங்குலத்தில் வெளித்தகரம் இருக்கிறது, தெருவைப் பார்க்கும் பக்கம் ஒரு கொப்பளம் கிளம்பினால் மறைக்க முடியாது. முன்பக்கத் தூண்களில் ஏர்பேக், சீட் பெல்ட் வயர்கள் ஓடும். அங்கே துளையே வேண்டாம்.

சத்தத்துக்கு பியூட்டில் தாள். பெரிய தகடுகளின் நடுவில் கால்வாசிப் பரப்பில் ஒட்டி உருளையால் அழுத்தினால் போதும். முழுக்க ஒட்டுவது காசையும் எடையையும் கூட்டுவதுதான். சக்கர மேடுகளுக்கு மட்டும் தாராளமாக ஒட்டலாம். தார் கலந்த மலிவு ரகம் கோடையில் நாறும், இளகி வழியும்.

வயர்கள் இன்சுலேஷனுக்கு முன். வீட்டு வயரிங்கின் ஒற்றைக் கம்பி அதிர்வில் முறியும். பல இழை வயரை நெளிகுழாய்க்குள் விட்டு, எதிர்காலத்துக்கு ஒரு நைலான் கயிறையும் அதே குழாயில் போட்டு வைத்தால், இரண்டு வருடம் கழித்து ஒரு விளக்கு கூடுதலாக வேண்டுமென்றால் சுவரைப் பிரிக்க வேண்டாம்.

ஒட்டும் வேலை

தின்சுலேட்டுக்கு 3எம் 90 ஸ்ப்ரே பசை சரியாக வரும். ஐந்தாறு டின் வேண்டும். தகரத்திலும் துணியிலும் அடித்து, ஈரம் போய்ப் பிசுபிசுப்பு வந்ததும் ஒட்ட வேண்டும். ஈரத்தோடு ஒட்டினால் கூரைத் துண்டு முதல் வெயிலில் தொங்கும். பசையின் ஆவி எளிதில் தீப்பிடிக்கும். கதவெல்லாம் திறந்து, முகமூடி போட்டு, அருகில் ஹீட்டர் இல்லாமல் செய்யுங்கள். தகரம் சில்லென்றிருக்கும் நாளில் பசை பிடிக்காது. எக்ஸ்பிஎஸ் பலகைக்கு இதே பசையை அடித்தால் பலகை கரைந்து குழி விழும். அதற்கு 3எம் 78 என்று தனி ரகம் உண்டு.

அடர்த்தியே வெப்பம் என்று நினைத்து அமுக்கித் திணிக்க வேண்டாம், அமுங்கினால் காற்று போய்விடும், பலனும் போய்விடும். சட்டங்களின் உட்குழிக்குள் நீளத் துண்டுகளைக் கயிறு கட்டி இழுத்து விடலாம். அடியிலுள்ள வடிகால் துளைகளுக்கு மேல் ஒரு சாண் காலியாக விடுங்கள். கதவுகளின் அடிப்பகுதியிலும் அப்படியே. கண்ணாடி வழியே வழியும் மழைநீர் கதவுக்குள் இறங்கி அந்தத் துளைகள் வழியாகத்தான் போகிறது.

இதற்குப் பிறகு மிஞ்சுவது ரிப் என்று சொல்லப்படும் உள்சட்டங்களின் முகம். எஃகு வெப்பத்தைக் கடத்துவதில் நல்ல இன்சுலேஷனைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வேகம். பலகை நேராகச் சட்டத்தில் உட்கார்ந்தால், குளிர்ந்த காலையில் பலகையில் சட்டத்தின் வடிவம் ஈரக்கோடாகத் தெரியும். ஆகவே சட்டத்தின் முகமெங்கும் 3 முதல் 6 மி.மீ. மூடிய கண்ணறை ஃபோம் பட்டை ஒட்டி, அதன்மேல் மரப்பட்டி, மரப்பட்டியில் பலகை. செலவு மிகக் குறைவு, ஈரத்தைத் தடுப்பதில் பலன் அடுத்த 40 மி.மீ. இன்சுலேஷனைவிட அதிகம்.

வீட்டுச் சுவரில் போடுவது போல உள்பக்கம் பிளாஸ்டிக் தாள் போர்த்தலாமா என்ற கேள்விக்கு எங்கள் பதில், வேண்டாம். நூற்றுக்கணக்கான போல்ட், வயர், ஜன்னல் ஓரங்களுக்கு நடுவே அதை முழுதாக அடைக்க முடியாது. அரைகுறையாக அடைத்தால் உள்ளே போன ஆவி திரும்பி வர வழி இருக்காது.

தரை

தரைக்கு 4 அடிக்கு 8 அடி பலகைகளைக் குறுக்காகப் போட்டால் மூன்று போதும். தகரத் தரையின் பள்ளங்களை ஃபோம் பட்டைகளால் நிரப்பி, மேலே அரை அல்லது ஒரு அங்குல எக்ஸ்பிஎஸ், அதன்மேல் 12 மி.மீ. பிளைவுட், அதன்மேல் ஒரே துண்டாக வினைல் விரிப்பு. சதுர அங்குலத்துக்கு 25 பவுண்டு தாங்கும் ரகம் எக்ஸ்பிஎஸ்ஸில் உண்டு, அதைக் கேட்டு வாங்குங்கள். நடுவில் மரச்சட்டம் தேவையில்லை. கதவு ஓரங்களில் மட்டும், கால் வைத்து ஏறும் இடமென்பதால், ஃபோமுக்குப் பதில் மரப்பட்டி வையுங்கள். ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் பலகைத்தரை வகைகள் வேனின் குளிர்–சூட்டு மாற்றத்தில் இணைப்பு விட்டுவிடும். விரிப்பு எவ்வளவோ மேல்.

கட்டில், அலமாரிக்கான நங்கூரங்கள் தரைத் தகரம் வழியாக அடியில் போல்ட்டோடு போகுமிடங்களைப் பலகை போடும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள். அடியில் எரிபொருள் தொட்டியும் பிரேக் குழாய்களும் எங்கே இருக்கின்றன என்று வண்டிக்கடியில் படுத்துப் பார்க்காமல் துளை போடக்கூடாது.

பலகையும் பூச்சும்

கூரை முதலில், சுவர் பிறகு. சுவர்ப் பலகையின் மேல்விளிம்பு கூரைப் பலகையின் ஓரத்தைத் தாங்கி மறைக்கும். கூரைக்குப் பலர் 8 மி.மீ. சீடார் நாக்கு–பள்ளப் பலகைகளைப் போடுகிறார்கள். இலேசானது, ஈரத்தில் சுலபமாக உளுத்துப்போகாது, முதல் சில மாதம் வாசமும் வரும். ஓரங்களில் 3 மி.மீ. இடைவெளி விட்டுப் பசையில்லாமல் மாட்டுங்கள். குளிர்கால ஹீட்டர் காற்றில் மரம் சுருங்கும், கோடையில் விரியும். ஒட்டிவிட்டால் பிளவுபடும்.

சுவருக்கு 6 மி.மீ. பிர்ச் பிளைவுட். வார்னிஷ் இரண்டு பக்கமும் அடிக்க வேண்டும். முன்பக்கம் மட்டும் அடித்தால் பின்பக்கம் ஈரம் குடித்துப் பலகை வில்லாக வளையும். வளைவுகளுக்கு அட்டையில் மாதிரி வெட்டிப் பாருங்கள். வேனில் நேர்கோடு என்று ஒன்று கிடையாது, இடதும் வலதும்கூட ஒன்றுபோல் இருக்காது. மரம் பிடிக்காதவர்கள் நாலாபக்கமும் இழுபடும் துணிக்கம்பளத்தை மெல்லிய பலகையில் ஒட்டலாம். தவறுகளை அது மன்னிக்கும். சமையல் பக்கம் மட்டும் வேண்டாம், எண்ணெயும் தாளிப்பு வாசமும் அதில் குடியேறும்.

எந்தப் பலகையானாலும் போல்ட்டைக் கழற்றினால் கையோடு வர வேண்டும். ஒழுகலும் வயர் கோளாறும் ஒருநாள் வரத்தான் செய்யும்.

காற்று

உள்ளே ஆவி விடாத ஹீட்டர்தான் வேண்டும். உள்ளே எரியும் புரொப்பேன் அடுப்பு ஹீட்டர் ஒரு கிலோ எரித்தால் 1.6 கிலோ நீரைக் காற்றில் விடும். கார்பன் மோனாக்சைடு ஆபத்து தனி. வெளியிலிருந்து காற்றை இழுத்து எரித்துப் புகையை வெளியே தள்ளும் வெபாஸ்டோ வகை 2 கிலோவாட் ஹீட்டர் வறண்ட சூடு தரும், மணிக்குக் கால் லிட்டருக்குள் எரிபொருள். பெரும்பாலான ப்ரோமாஸ்டர்கள் பெட்ரோல் வண்டிகள் என்பதால் பெட்ரோல் ரகத்தைக் கேட்டு வாங்க வேண்டும், இல்லையேல் தனி டீசல் தொட்டி வைக்க வேண்டும். எதுவானாலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் தலைமாட்டில் இருக்கட்டும். சமையலுக்கு கேஸ் வைத்தால், சிலிண்டர் பெட்டி வேனின் உள்பக்கம் காற்றுப் புகாமல் அடைபட்டு, அடியில் வெளிப்பக்கம் திறந்திருக்க வேண்டும். புரொப்பேன் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு தேங்கும்.

சூடு வீணாகும் என்று இரவில் எல்லாவற்றையும் இறுக மூடுகிறார்கள். மைனஸ் 10 டிகிரிக் காற்றில் கன மீட்டருக்கு 2 கிராம் நீர்தான் இருக்கும். அது உள்ளே சூடேறி 50 சதவீத ஈரப்பதத்தோடு வெளியேறினால் ஆறு கிராமுக்கு மேல் சுமந்துகொண்டு போகும். இருவர் விடும் 80 கிராமுக்கு மணிக்கு 13, 14 கன மீட்டர் போதும். தாராளமாக 30 கன மீட்டர் மாற்றினாலும் இழப்பு 300 வாட். விசிறியை மிகக் குறைந்த வேகத்தில் வைத்து, எதிர்ப்பக்கம் ஜன்னலை ஒரு விரல் அகலம் திறந்துவிட்டால் வேலை முடிந்தது. விசிறி வெளியே தள்ளும் திசையில் ஓட வேண்டும். உள்ளே இழுக்கும்படி வைத்தால் ஈரக்காற்று பலகை இடுக்குகளுக்குள் தள்ளப்படும்.

கண்ணாடிகளுக்கு மிஞ்சிய தின்சுலேட்டை இரு துணிக்கு நடுவில் தைத்து, ஓரத்தில் காந்தம் வைத்து மறைப்பு செய்துகொள்ளலாம். ஓட்டுநர் பகுதியின் பெரிய கண்ணாடியை எப்படி மூடினாலும் குளிர் புகும். சீட்டுக்குப் பின்னால் தடித்த திரை ஒன்று கூரையிலிருந்து தரைவரை தொங்கினால், உறைபனி அந்தப் பக்கமே நின்றுவிடும்.

எல்லாம் முடிந்ததும் தண்ணீர், கேஸ், துணிமணி நிரப்பிய நிலையில் நெடுஞ்சாலை ஓரத்து லாரி எடைமேடையில் ஏற்றிப் பாருங்கள். முன் அச்சு, பின் அச்சு இரண்டையும் தனித்தனியே தருவார்கள். கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அச்சுவாரி வரம்போடு ஒப்பிட வேண்டும். பின்பக்கம் மிகுந்திருந்தால் முதலில் இடம் மாற வேண்டியது பேட்டரியும் தண்ணீர்த் தொட்டியும். முதல் குளிர்காலம் கழிந்ததும் சக்கர மேட்டுக்குப் பின்னால் உள்ள கீழ்ப் பலகை ஒன்றைக் கழற்றி, தின்சுலேட்டின் பின்பக்கம் கையை விட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் முதலில் விசிறி ஓடும் நேரத்தைக் கூட்டுங்கள். இன்சுலேஷனைக் கூட்ட வேண்டாம்.